வளர்ந்த ஆண் சிக்லிட்டிடம் வளர்ந்த பெண்ணை எப்படிச் சேர்ப்பது?

கேள்வி, மே 6

3 அடி தொட்டியில் 8 அங்குல ஃப்ளவர்ஹார்ன் (சிக்லிட் குடும்பத்து வளர்ப்பு மீன்) ஆண் ஒன்று ஒன்றரை வருடமாகத் தனியாக இருக்கிறது. நேற்று சென்னை கொளத்தூரில் 5 அங்குலத்தில் ஒரு பெண் வாங்கினேன். பையை அரை மணி நேரம் மிதக்கவிட்டுத்தான் திறந்துவிட்டேன். ஐந்தே நிமிடத்தில் பெண்ணுக்குப் பாதி வால் போய்விட்டது. இப்போது பக்கெட்டில் இருக்கிறது. "ரெண்டு நாள் அடிச்சுக்கும், அப்புறம் செட் ஆயிடும், விட்டுடுங்க" என்கிறார் கடைக்காரர். மறுபடியும் விடலாமா?

மே 6, இரவு

விடாதீர்கள். அந்த இரண்டு நாளில் பெண் செத்துவிடும்.

பக்கெட்டில் ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) போட்டுவிடுங்கள். லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் கல் உப்பு, தினமும் பாதித் தண்ணீர் மாற்றம், மேலே ஒரு துணி. இன்றைக்குத் தீனி வேண்டாம். வால் போனால் வளர்ந்துவிடும், அதற்குப் பயப்பட வேண்டாம். கண்ணில் வெள்ளைப் படலம் இருக்கிறதா, வாயை முழுக்க மூட முடிகிறதா என்று பாருங்கள். தாடை கழன்ற மீன் தீனி எடுக்க முடியாமல் மெல்லச் சாகும். செதில் உரிந்த இடத்தில் பஞ்சு மாதிரி வந்தால் மெத்திலீன் ப்ளூ மருந்து போடுங்கள்.

மற்றதை நாளை எழுதுகிறேன்.

மே 7

கடைக்காரர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பது புரிகிறது. பண்ணையில் பெரிய சிமெண்ட் தொட்டியில் பத்துப் பதினைந்து மீனை ஒன்றாக விடுவார்கள். அடி விழும், ஆனால் ஒன்றுக்கே எல்லா அடியும் விழாது. அடி வாங்கியது கண்ணுக்குத் தெரியாத மூலைக்குப் போய்விடும். அங்கே இரண்டு நாளில் செட் ஆகலாம். உங்கள் 3 அடி தொட்டியில் எந்த மூலைக்குப் போனாலும் ஆணின் கண்ணெதிரில்தான் நிற்க வேண்டும்.

ஜிலேபிக் கெண்டையைப் பாருங்கள், அதுவும் சிக்லிட்தான். ஆப்பிரிக்க மீன், 1952-இல் இந்தியாவுக்கு வந்தது, இன்றைக்கு அது இல்லாத ஏரி இல்லை. கோடையில் ஏரித் தண்ணீர் இறங்கும்போது கரையோரச் சேற்றில் தட்டு தட்டாக வட்டக் குழிகள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றும் ஓர் ஆண் வாயால் தோண்டியது. பெண் தனக்கு முட்டை முற்றிய அன்றுதான் அந்தப் பக்கம் வரும். ஒரு குழியில் இறங்கும், முட்டையை விடும், உடனே வாயில் அள்ளிக்கொண்டு கிளம்பிவிடும். ஆண் துரத்தினாலும் ஏரி அகலமானது. முட்டை முற்றாத பெண்ணுக்கு அந்தப் பக்கம் வர வேண்டிய அவசியமே இல்லை.

தொட்டியில் நாம் செய்வது இதற்கு நேர் எதிர். முட்டை தயாராக இல்லாத பெண்ணைக் கொண்டுபோய், ஓட வழியே இல்லாமல், ஆணின் குழியிலேயே இறக்கிவிடுகிறோம். ஆணின் கணக்கில் அது பெண்ணே இல்லை, இடத்தைப் பிடிக்க வந்த இன்னொரு மீன்.

பெரும்பாலானவர்கள் ஆணைத்தான் பார்க்கிறார்கள். தலை வீங்கியிருக்கிறதா, நிறம் ஏறியிருக்கிறதா, கண்ணாடியில் வந்து முட்டுகிறதா. என் அனுபவத்தில் ஆண் ஏறக்குறைய எப்போதும் தயார். கவனிக்க வேண்டியது பெண்ணை. இந்த இழையில் நான் சொல்லப்போவது பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

மே 9

ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று பார்த்துப் பழகும் வரை தொட்டியை இரண்டாகப் பிரிக்கத் தடுப்பு எப்படிப் போடுவது என்று கேள்வி கேட்டவர் கேட்டிருந்தார்.

கண்ணாடித் தடுப்பு வேண்டாம். தண்ணீர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வர வேண்டும். மீன்கள் ஒன்றையொன்று கண்ணால் மட்டும் அறிவதில்லை, தண்ணீரில் கரைந்து வருவதையும் வைத்து அறிகின்றன. முட்டைக்கு நெருங்கிய பெண் இருக்கும் பக்கத்தில் இருந்து தண்ணீர் வந்தாலே ஆணின் நடை மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

எக் கிரேட் என்று கேட்டால் மீன் கடைகளில் கிடைக்கும், அரை அங்குலக் கட்டங்கள் உள்ள வெள்ளை பிளாஸ்டிக் தட்டி. தொட்டியின் அகலத்துக்கும் உயரத்துக்கும் சரியாக வெட்டுங்கள். உயரத்தில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது. தண்ணீர் மட்டத்துக்கு மேலே நான்கு அங்குலமாவது நிற்க வேண்டும், சிக்லிட் தாவும். அடியில் மணல் இருந்தால் கண்ணாடி தெரியும் வரை மணலை ஒதுக்கிவிட்டு நிறுத்துங்கள். இல்லாவிட்டால் இரவோடு இரவாகத் தோண்டி அடியில் வழி பண்ணிவிடும். இரண்டு பக்கமும் உறிஞ்சு கப்போடு கிளிப் கொடுங்கள். சும்மா செருகிவைத்த தட்டியை 8 அங்குல ஃப்ளவர்ஹார்ன் ஒரே முட்டில் சாய்த்துவிடும். கண்ணாடிக்கு வெளியே துடைப்பம் தெரிந்தாலே சண்டைக்கு வருகிற மீன் அது.

எக் கிரேட் கிடைக்காத ஊரில் காய்கறி வைக்கும் ஓட்டைக் கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்து அதற்குள் பெண்ணை விடலாம். ஒரு ராத்திரிக்குச் சரி. வாரக்கணக்கில் வைத்தால் பெண் மெலிந்துவிடும்.

அப்புறம் ஒன்று. பெண்ணைக் கொண்டுபோய் ஆணின் பாதியில் வைக்காதீர்கள். முதலில் ஆணை வெளியே எடுத்து வேறு தொட்டியிலோ டப்பிலோ வையுங்கள். கல், சட்டி, குழாய் எல்லாவற்றையும் இடம் மாற்றுங்கள். பெண் அந்தத் தொட்டியில் ஓரிரு நாள் தனியாகச் சுற்றிப் பழகட்டும். பிறகு தடுப்பு, அதற்குப் பிறகுதான் ஆண். தன் பழைய வீடு என்ற நினைப்பு ஆணுக்கு இல்லாமல் போனாலே சண்டையின் வேகம் பாதியாகக் குறையும்.

மே 10

ஹீட்டரை ஆண் இருக்கும் பாதியில் வைக்காதீர்கள். கண்ணாடி ஹீட்டரை உடைத்த ஃப்ளவர்ஹார்ன் உண்டு. சென்னையில் இந்த மாதம் ஹீட்டர் தேவையும் இல்லை.

மே 13

மதுரை நண்பர் எழுதியிருக்கிறார்: கான்விக்ட் சிக்லிட்டை இப்படியெல்லாம் தடுப்புப் போடாமல் சேர்த்தேன், ஒரே வாரத்தில் முட்டை, நீங்கள் ரொம்பப் பயமுறுத்துகிறீர்கள்.

கான்விக்டில் அது நடக்கும். மத்திய அமெரிக்க ஆறுகளின் மீன், சிக்லிட்களில் இதைவிடச் சுலபமாக ஜோடி சேர்வது அரிது. அதில் பெண்ணைப் பாருங்கள்: ஆணைவிடச் சிறியது, ஆனால் வயிற்றில் ஆரஞ்சுத் திட்டு பெண்ணுக்குத்தான் இருக்கிறது. முதலில் போய் உடம்பை வளைத்து, வாலை ஆட்டி, ஆணைச் சுற்றுவதும் பல சமயம் பெண்தான். 2 அடி தொட்டியில் கவிழ்த்த மண்சட்டி ஒன்று இருந்தால் போதும்.

ஆனால் அந்த மதுரைக் கான்விக்ட்கள் வாங்கும்போது எந்த அளவு என்று அவர் சொல்லவில்லை. இரண்டு அங்குலத்தில் ஒன்றாக விட்டு அங்கேயே வளர்ந்தவை என்றால் அது வேறு கதை. சின்ன வயதிலேயே ஆறு எட்டு மீனை ஒன்றாக வளர்த்து, தானாக ஜோடி சேர்ந்ததைப் பிரித்தெடுப்பதுதான் எந்தச் சிக்லிட்டுக்கும் சிறந்த வழி. அதில் சந்தேகமே இல்லை. இந்த இழை அந்த வழி கைவிட்டுப் போனவர்களுக்கு: ஏற்கெனவே வளர்ந்த ஓர் ஆண் கையில் இருக்கிறது, ஏற்கெனவே வளர்ந்த ஒரு பெண்ணை வாங்கியாயிற்று.

வளர்ந்த கான்விக்ட் ஆணும் பெண்ணைக் கொல்லும். என் தொட்டியிலேயே பார்த்தேன். நான்கு அங்குல ஆண், இரண்டு அங்குலப் பெண். வயிறு ஒட்டிப்போன பெண் அது, பயணக் களைப்பு வேறு. ஆணைவிட ரொம்பச் சின்னப் பெண்ணைத் தேடி வாங்குகிறார்கள், "அடங்கிப் போகும்" என்று. ஆணின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்காவது பெண் இருக்க வேண்டும். திருப்பி ஒரு கடி கொடுக்கத் தெம்புள்ள பெண்தான் பிழைக்கிறது. கேள்வி கேட்டவருடையது 8-க்கு 5, அந்தக் கணக்குக்குக் கொஞ்சம் கீழே. அவசரப்படாமல் இரண்டு மாதம் பெண்ணுக்கு மட்டும் நல்ல தீனி போட்டு வளர்த்தால் நன்றாக இருக்கும்.

மே 20

கத்திரி வெயில். என் தொட்டிகளில் மதியம் 33 டிகிரி காட்டுகிறது. இந்த நாட்களில் யாரும் எந்த ஜோடியையும் புதிதாகச் சேர்க்க வேண்டாம். தண்ணீர் சூடானால் அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். துரத்தப்படும் மீனுக்குத்தான் மூச்சு அதிகம் தேவை. சாதாரண நாளில் அரை மணி நேரம் தாங்குகிற துரத்தலை இந்தச் சூட்டில் பத்து நிமிடம்கூடத் தாங்காது. மேல்மூடியைத் திறந்து தட்டியை மட்டும் வைத்து, ஒரு சின்ன விசிறியைத் தண்ணீர் மேல் திருப்பிவிடுங்கள். இரண்டு மூன்று டிகிரி இறங்கும். குறையும் தண்ணீரைத் தினமும் நிரப்புங்கள். போர் தண்ணீர் ஊற்றி நிரப்பிக்கொண்டே இருந்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும். நிரப்புவதற்கு ஆர்.ஓ. தண்ணீர், மாற்றுவதற்கு வழக்கமான தண்ணீர்.

ஜூன் 2

கேள்வி கேட்டவர் வீடியோ போட்டிருக்கிறார். தடுப்பு போட்டாயிற்று, நன்றாகவே போட்டிருக்கிறார். பெண்ணுக்கு வால் முழுக்க வளர்ந்துவிட்டது. "ஆண் நாள் முழுக்கத் தடுப்பிலேயே நிற்கிறது, தலையை ஆட்டுகிறது, ரெடி ஆகிவிட்டது, எடுக்கலாமா?" என்கிறார்.

வீடியோவை மூன்று முறை பார்த்தேன், பெண்ணை மட்டும். பெண் எங்கே நிற்கிறது என்று நீங்களே பாருங்கள். பின்பக்க மூலையில், ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கு மேலே, முதுகுத் துடுப்பை மடக்கி, வாய் தண்ணீர் மட்டத்தைப் பார்த்தபடி. உடம்பில் கறுப்புப் பட்டை பட்டையாக ஓடுகிறது. ஆண் தடுப்பில் முட்டும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் மேலே போகிறது. தடுப்பு இருக்கும்போதே இப்படி என்றால், எடுத்தால் பழைய கதைதான்.

பெண் தயாரானால் இதெல்லாம் மாறும். முதலில் தீனி நேரம் இல்லாதபோதும் தடுப்புப் பக்கம் வரும். அப்புறம் அங்கேயே நிற்கத் தொடங்கும். ஆண் செவுளை விரித்தால் இதுவும் விரிக்கும், பின்வாங்காது. இரண்டும் தடுப்புக்கு இரு பக்கமும் பக்கவாட்டில் நின்று உடம்பை நடுக்கும். நடுக்கம் என்றால் சண்டை வாலடி கிடையாது. தலை முதல் வால் வரை சின்னதாக, வேகமாக ஓடும் ஒரு உதறல். பார்த்தால் தெரியும். அதன் பிறகு பெண் ஏதாவது ஒரு பரப்பைச் சுத்தம் செய்யத் தொடங்கும், ஓட்டுத் துண்டோ கண்ணாடியோ வெறும் தரையோ. வாயால் கடித்துக் கடித்துத் துப்பும்.

கடைசி அடையாளம் முட்டைக்குழாய். வயிற்றுக்கடியில், ஆசனவாய்க்குப் பின்னால், வெள்ளையாக, மழுங்கிய முனையோடு, அரிசி அளவுக்கு வெளியே நீளும். ஆணுக்கும் வரும், ஆனால் ஒல்லியாகக் கூராக இருக்கும். பெண்ணுக்கு அது வெளியே தெரிந்தால் முட்டை பெரும்பாலும் ஓரிரு நாளில். அது தெரியாத வரை தடுப்பைத் தொடக்கூடாது.

ஜூன் 3

நேற்று எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். முட்டைக்குழாய் தெரிந்தால் போதும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். முட்டைக்குழாயும் தெரிந்து, பெண் தடுப்புப் பக்கமும் வர வேண்டும், இரண்டும் சேர்ந்து. தனியாக இருக்கும் பெண் சிக்லிட் ஆணே இல்லாமலும் முட்டை விடும். குழாய் நீண்டிருந்தும் ஆணைக் கண்டால் மூலைக்கு ஓடுகிற பெண்ணைப் பார்த்திருக்கிறேன். அதற்கு முட்டை தயார், அந்த ஆணோடு சேரத் தயார் இல்லை.

எத்தனை நாள் தடுப்பு என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். கான்விக்ட், ஃபயர்மவுத் போன்ற சிக்லிட் என்றால் ஒரு வாரம் பத்து நாளில் தெரிந்துவிடும். ஃப்ளவர்ஹார்னுக்கு நாள் கணக்கே வைக்கக்கூடாது. மாதக்கணக்கில் ஆகலாம், நடக்காமலும் போகலாம். ஆஸ்கர் என்ற பெரிய சிக்லிட் அதைவிட மோசம். ஒரு வயதுக்கு மேல்தான் பருவத்துக்கே வரும், ஆண் பெண் வித்தியாசமும் வெளியே தெரியாது.

ஜூன் 11

ஏஞ்சல் மீன் பற்றி ஒருவர் தனியாகக் கேட்டதால். அதுவும் சிக்லிட்தான்.

ஏஞ்சலில் பெரிய ஆணையும் பெண்ணையும் சேர்த்தால் கொலை அரிது, அலட்சியம்தான் அதிகம். ஒன்று இந்த மூலை, இன்னொன்று அந்த மூலை, மாதக்கணக்கில். அதனால் அடிதடி இல்லையே, ஜோடி ஆகிவிட்டது என்று நினைத்துக் காத்திருப்பார்கள்.

இன்னொரு தொல்லை, இரண்டு பெண் ஏஞ்சல் ஒன்றாகச் சேர்ந்து ஜோடி மாதிரியே நடந்துகொள்ளும். இலையைச் சுத்தம் செய்யும், மற்ற மீனைத் துரத்தும், மாறி மாறி முட்டையும் விடும். எனக்கு ஒரு கடையில் "முட்டை போட்ட ஜோடி" என்று நல்ல விலைக்கு விற்றார்கள். முட்டை போட்டது உண்மைதான், இரண்டுமே போட்டன. ஒவ்வொரு முறையும் இரண்டாம் நாள் எல்லாம் வெள்ளை, கரு பிடிக்காத முட்டை அப்படித்தான் வெளுத்துவிடும். முட்டையின் எண்ணிக்கை வழக்கத்தைவிட இரண்டு பங்கு தெரிந்தாலே சந்தேகப்படுங்கள். முட்டை விடும் நேரத்தில் இரண்டு குழாயையும் பாருங்கள், அப்போது மட்டும்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும்.

உண்மையான ஜோடியை வாங்கினால்கூட ஒன்று கவனிக்க வேண்டும். தனித்தனிப் பையில் வந்து, தனித்தனி நேரத்தில் புதுத் தொட்டியில் விழுந்தால் பழைய உறவு அப்படியே தொடரும் என்ற உத்தரவாதம் இல்லை. ஃப்ளவர்ஹார்ன் ஜோடி என்றால் கட்டாயம் முதல் நாளில் இருந்து தடுப்பு.

ஜூன் 12

ஒருவர் கேட்கிறார்: "பக்கத்துத் தொட்டியில் இன்னொரு ஆண் இருந்தால் பெண்ணை அடிப்பது குறையுமா?"

குறையும். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்து 1973-இல் நோபல் பரிசு பெற்ற கொன்ராட் லோரன்ஸ் சிக்லிட்களை நிறைய வளர்த்தவர். கண்ணாடித் தடுப்புக்கு இரு பக்கமும் ஒவ்வொரு ஜோடியாக வைத்திருந்தபோது இரண்டு ஆண்களும் கண்ணாடி வழியே ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு, தத்தம் பெண்ணிடம் ஒழுங்காக இருந்தன. கண்ணாடியில் பாசி படிந்து அடுத்த ஆண் மங்கலாகத் தெரியத் தொடங்கியதும் பெண்ணிடம் முரட்டுத்தனம் காட்ட ஆரம்பித்தன. பாசியைத் துடைத்ததும் வீடு அமைதியானது.

நானும் இதைத்தான் செய்கிறேன். ஜோடித் தொட்டியை ஒட்டி வேறொரு சிக்லிட் ஆணின் தொட்டி. ஒரே இனமாக இருக்க வேண்டியதில்லை. இடையே ஒரு அட்டை வைத்து, பகலில் சில மணி நேரம் மட்டும் எடுத்துவிடுகிறேன். நாள் முழுக்கத் திறந்து வைத்தால் ஆண் கண்ணாடியிலேயே கிடக்கும், தீனிக்குக்கூட வராது, பெண்ணையும் மறந்துவிடும்.

ஜோடித் தொட்டிக்குள்ளேயே டைகர் பார்ப் மாதிரி வேகமான மீன் விடுவதும் உண்டு. கான்விக்டுக்குச் சரி. ஃப்ளவர்ஹார்னுக்கு அது தீனி.

ஜூன் 24

இன்று ஒரு வழியைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். கான்விக்ட், ஃபயர்மவுத், ஜாக் டெம்ப்ஸி வைத்திருப்பவர்களுக்கு நான் எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்வது இதுதான்.

தடுப்பை எடுக்கவே வேண்டாம். அதில் ஓர் ஓட்டை வெட்டுங்கள். பெண் நுழையும், ஆண் நுழையாது, அந்த அளவில். பெண்ணின் முதுகில் இருந்து வயிறு வரை உள்ள உயரத்தைக் கணக்கிட்டு, அதைவிட ஒரு விரல் கூடுதலாக. எக் கிரேட்டில் நான்கைந்து கட்டத்தை நறுக்கினால் போதும், வெட்டிய முனைகளை அரத்தால் தேய்த்து மழுக்கிவிடுங்கள், கண்ணைக் கிழிக்கும். ஓட்டை தரையோடு ஒட்டி ஒரு மூலையில் இருக்கட்டும். நடுவில் வைத்தால் ஆண் அதன் முன்னாலேயே காவல் நிற்கும்.

இப்போது எப்போது போவது, எவ்வளவு நேரம் இருப்பது, எப்போது திரும்புவது எல்லாம் பெண் கையில். முதலில் தலையை மட்டும் நீட்டிப் பார்க்கும். ஆண் வந்தால் சடாரென்று பின்னால் போகும். அடுத்து உடம்பு முழுக்க அந்தப் பக்கம் போய், ஒரு சுற்று, திரும்பல். இந்தப் போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டே மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பேன், எனக்கு முட்டையைவிடச் சுவாரசியம் இதில்தான். ஒரு கட்டத்தில் பெண் ஆணின் பக்கத்திலேயே சட்டியைச் சுத்தம் செய்துகொண்டிருக்கும், திரும்பி வருவதே குறைந்துவிடும். முட்டை ஆணின் பக்கத்தில்தான் விழும். அதற்குப் பிறகும் ஓட்டை அப்படியே இருக்கட்டும். சில ஆண்கள் முட்டை விட்ட பிறகுதான் பெண்ணை அடிக்கத் தொடங்கும்.

ஃப்ளவர்ஹார்னில் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே உயரம் என்றால் இந்த வழி சரிவராது.

தடுப்பே போடாதவர்கள் ஒளிய இடமாவது கொடுங்கள். 4 அங்குல பிவிசி குழாய்த் துண்டு நல்லது, இரண்டு முனையும் திறந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மூடிய சட்டிக்குள் ஓடிய பெண்ணுக்கு ஆண் வாசலில் நின்றால் வெளியே வரவே வழி இல்லை. மூடிய சட்டி முட்டைக்கு, திறந்த குழாய் ஓடுவதற்கு. இரண்டும் வேண்டும்.

ஜூன் 25

ஆப்பிரிக்காவின் மலாவி ஏரிச் சிக்லிட்களுக்கு மேலே சொன்ன எதுவும் அப்படியே பொருந்தாது. எல்லோ லேப் போன்றவற்றில் ஜோடி என்பதே கிடையாது. ஓர் ஆணுக்கு மூன்று நான்கு பெண், கூட்டமாக, நிறையக் கல்லோடு. ஒரு பெண்ணை மட்டும் விட்டால் அந்த ஒன்றே எல்லா அடியையும் வாங்கும். முட்டையைப் பெண் வாயில் வைத்து ஏறக்குறைய மூன்று வாரம் தீனி எடுக்காமல் இருக்கும். அதைப் பற்றித் தனி இழை திறந்தால் எழுதுகிறேன்.

ஜூலை 8

நம் ஃப்ளவர்ஹார்ன் பெண் முட்டை விட்டுவிட்டது! தடுப்புக்கு ஒரு சாண் தள்ளி, ஓட்டுத் துண்டின் மேல். வாழ்த்துகள். படத்தைப் பார்த்தேன், நூற்றுக்கணக்கில் இருக்கும். கேள்வி கேட்டவர் தடுப்பை எடுக்கவில்லை. பெண் தடுப்புப் பக்கம் வந்தாலும் ஆண் இன்னும் முரட்டுத்தனமாக முட்டியதால் பயந்துவிட்டார். அவர் செய்தது சரி.

ஆனால் இரண்டாம் நாளே எல்லா முட்டையும் வெள்ளை. "ஆண் மலடா?" என்று கேட்கிறார்.

மலடாக இருக்க வாய்ப்பு உண்டு. ஃப்ளவர்ஹார்ன் இயற்கையில் இல்லாத மீன். 1990-களில் மலேசியாவில் பல மத்திய அமெரிக்கச் சிக்லிட்களைக் கலந்து உருவாக்கியது. ஆண்களில் நிறைய மலடு, தலை எவ்வளவு பெரிதாக இருந்தாலும். ஆனால் இந்த ஒரு முறை போட்ட முட்டையை வைத்து அந்த முடிவுக்கு வரக்கூடாது. ஒரு சாண் தள்ளி இருக்கும் முட்டைக்கு ஆணின் விந்து எப்படிப் போய்ச் சேரும்? தண்ணீரில் அது கொஞ்ச நேரம்தான் உயிரோடு இருக்கும்.

அடுத்த முறை ஓட்டுத் துண்டைத் தடுப்பை ஒட்டியே வையுங்கள், இடைவெளி இல்லாமல். பெண்ணின் பாதியில் முட்டை விட வேறு எந்தக் கல்லும் சட்டியும் இருக்கக் கூடாது. ஆணின் பக்கத்தில் ஒரு சின்ன பவர்ஹெட் (தண்ணீருக்குள் வைக்கும் பம்ப்) வைத்து, தண்ணீர் தடுப்பு வழியாக முட்டைப் பக்கம் மெதுவாகப் போகும்படி திருப்புங்கள். வேகம் கூடாது. பெண் வரிசையாக முட்டையை ஒட்டிக்கொண்டு போகும்போது ஆண் தடுப்பை ஒட்டி வயிற்றைத் தேய்த்துப் போகிறதா என்று பாருங்கள். அது போதும், இப்படித் தடுப்பைத் தாண்டியே குஞ்சு எடுப்பவர்கள் நிறையப் பேர்.

பெண் திரும்ப முட்டைக்கு வர இரண்டு மூன்று வாரமாவது ஆகும். நடுவில் அதை நன்றாகக் கவனியுங்கள். ரத்தப்புழு, இறால் துண்டு, நல்ல பெல்லட், அளவாக. முட்டை போட்டு முடித்த பெண்ணை விட்டுவிட்டு எல்லோரும் முட்டையைப் படம் எடுத்துக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஜூலை 9

"வெள்ளையான முட்டையை எடுத்துவிடலாமா?" எல்லாமே வெள்ளை என்றால் எடுத்துவிடுங்கள், தண்ணீர் கெடும். பாதி நன்றாக இருந்தால் வெள்ளையை மட்டும் பெண்ணே தின்றுவிடும். பெண் இல்லாமல் தனியாகப் பொரிக்க வைப்பவர்கள் மெத்திலீன் ப்ளூ போட்டு, ஏர் ஸ்டோனை முட்டைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும், மேலே நேராக அடிக்கக் கூடாது.

ஆகஸ்ட் 3

இந்த முறை பாதிக்கு மேல் கரு பிடித்திருக்கிறது. ஆண் மலடு இல்லை. படத்தில் முட்டை தேன் நிறத்தில் இருக்கிறது, சிலவற்றில் கறுப்புப் புள்ளி தெரிகிறது.

28 டிகிரியில் மூன்றாம் நாள் பொரியும். ஆனால் உடனே நீந்தாது, வால் மட்டும் துடித்துக்கொண்டு குவியலாகக் கிடக்கும். அந்த நான்கைந்து நாளும் வயிற்றில் ஒட்டியிருக்கும் மஞ்சள் கருப் பைதான் சாப்பாடு, நீங்கள் எதுவும் போட வேண்டாம். நீந்தத் தொடங்கியதும் உயிருள்ள ஆர்ட்டீமியா, அதாவது உப்புநீர்ச் சிற்றிறால் குஞ்சு. அதன் முட்டை பொரிக்க ஒரு நாள் ஆகும் என்பதால் முதல் நாளே பாட்டிலில் உப்புத் தண்ணீரில் போட்டுவையுங்கள். கோழி முட்டையின் மஞ்சள் கருவை அரைத்துப் போடுவது பழைய வழக்கம். தண்ணீரைக் கெடுத்து ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் கொன்றுவிடும், வேண்டாம்.

தடுப்பை இப்போதும் எடுக்கக் கூடாது. குஞ்சு பொரித்துவிட்டது, இனி குடும்பமாக இருக்கட்டும் என்று பலர் எடுக்கிறார்கள். கான்விக்டில் அது அழகாக நடக்கும், அப்பா அம்மா இரண்டும் குஞ்சுக் கூட்டத்தின் இரு பக்கமும் நீந்திக் காவல் காக்கும். இந்த ஆணோ மூன்று மாதமாகத் தடுப்பில் முட்டிக்கொண்டு இருப்பது. குஞ்சு காக்கும் பெண் இடத்தை விட்டு ஓடாது, அடியை வாங்கிக்கொண்டு அங்கேயே நிற்கும்.

ஆகஸ்ட் 17

குஞ்சுகளை யாருக்குக் கொடுப்பது என்று இப்போதே யோசித்துவையுங்கள். ஒரு அங்குலம் வந்ததும் அவையும் அடித்துக்கொள்ளத் தொடங்கும், 3 அடி தொட்டி தாங்காது. கடையில் கேட்டுப் பாருங்கள், மீன் வளர்க்கும் நண்பர்களுக்குக் கொடுங்கள். ஏரியிலோ கிணற்றிலோ ஒன்றுகூட விடக்கூடாது. ஜிலேபி ஒன்று போதும். பழவேற்காட்டில் நம் சொந்தச் சிக்லிட்களான ஆரஞ்சு குரோமைட்டும் பச்சைக் குரோமைட்டும் இருக்கின்றன, இந்தியாவுக்கே மொத்தம் மூன்று இனம்தான்.

பெண்ணைக் குஞ்சுகளிடம் இருந்து பிரிக்கும்போது ஆணின் தொட்டிக்கு நேராகக் கொண்டுபோக வேண்டாம். தனியாக ஒரு மாதம் ஓய்வு கொடுங்கள். 2 அடி தொட்டி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். இடம் இல்லை என்றால் சொல்லுங்கள், அம்பத்தூர் பக்கம் என்றால் என்னிடம் ஒரு தொட்டி காலியாக இருக்கிறது.